கிடப்பில் போடுவது எப்படி? புதிய ஆளுநர்களுக்கு ஒரு கையேடு

பதவியேற்புக்கு வாழ்த்துகள். பூங்கொத்து வாடுவதற்குள் சட்டப்பேரவையிலிருந்து முதல் மசோதா வந்துவிடும். அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு உங்களுக்கு மூன்று வழி காட்டுகிறது: ஒப்புதல் தரலாம், நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். நாலாவது வழியை அதில் எழுதவில்லை. அதற்குத்தான் இந்தக் கையேடு.

1. வாங்கி வையுங்கள்

திருப்புவதென்றால் கூடிய விரைவில் திருப்புங்கள் என்கிறது சட்டம். நாள் கணக்குச் சொல்லவில்லை. துணைவேந்தர் நியமனத்தில் வேந்தரான உங்கள் அதிகாரத்தில் கை வைக்கும் மசோதா என்றால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் 2020 ஜனவரியில் வந்த ஒரு மசோதா 2023 நவம்பர் வரை ஆளுநர் மாளிகையிலேயே இருந்தது. இடையில் ஆட்சி மாறியது, ஆளுநரும் மாறினார், கோப்பு மட்டும் அசையவில்லை.

2. எழுதாதீர்கள், பேசுங்கள்

காரணத்தை எழுதிக் கொடுத்தால் அமைச்சரவை பதில் எழுதிவிடும். மேடைப் பேச்சில் அந்தத் தொல்லை இல்லை. நிறுத்திவைப்பு என்றாலே மசோதா செத்துவிட்டதாகப் பொருள் என்று 2023 ஏப்ரல் 6-ல் குடிமைப் பணித் தேர்வு எழுதும் மாணவர்களிடம் விளக்கினார் அப்போது தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி. ஏப்ரல் 10-ல் ஆளுநருக்குக் காலக்கெடு கேட்டுப் பேரவை தீர்மானம் போட்டது. அன்றைக்கே ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. இப்படியெல்லாம் இளகிவிடக் கூடாது.

3. வழக்கு போட்டால் சுறுசுறுப்பாகுங்கள்

மசோதாக்கள் தேங்கியதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு போட்ட வழக்கில் 2023 நவம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. 13-ஆம் தேதி பத்து மசோதாக்கள் திரும்பிவந்தன. 18-ஆம் தேதி பேரவை கூடி அத்தனையையும் மறுபடி நிறைவேற்றியது. மறுபடி நிறைவேற்றியதற்கு ஒப்புதலை மறுக்கக் கூடாது என்று அதே 200-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே மறுக்கவில்லை; 28-ஆம் தேதி பத்தையும் டெல்லிக்கு, குடியரசுத் தலைவரிடம் அனுப்பிவைத்தார் ரவி.

4. தோற்றால் பதறாதீர்கள்

2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது, காலக்கெடுவும் விதித்தது. ஆளுநரின் கையெழுத்து இல்லாமலே அரசிதழில் சட்டங்கள் வெளியாயின. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் இது குறித்து உச்ச நீதிமன்றத்திடம் 14 கேள்விகள் கேட்டார். நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது.

5. பொடி எழுத்தையும் படியுங்கள்

அதே கருத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. நிறுத்திவைத்தால் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். காரணம் சொல்லாமல் நெடுநாள் இழுத்தடித்தால் நீதிமன்றம் தலையிடும். ஆனால் முடிவெடுங்கள் என்றுதான் சொல்லும். என்ன முடிவு என்று சொல்லாது. நெடுநாள் என்பது எத்தனை நாள்? அதைக் கேட்க மாநில அரசு மறுபடி வழக்கு போட வேண்டும், வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டும். இரு தரப்புச் செலவும் மக்கள் வரிப்பணம்தான்.

பேரவைக்கு ஆயுள் 5 ஆண்டு. சொன்ன சட்டம் என்னாயிற்று என்று தெருவில் மறித்துக் கேட்டால் எம்எல்ஏதான் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஓட்டுக் கேட்டு எந்தத் தெருவுக்கும் போகப்போவதில்லை.