அப்பா, நீங்கள் ஆடத்தான் வேணும்

டொரொண்டோவில் தமிழ்க் கல்யாணத்துக்கு இரண்டு பாகம். காலையில் ஐயர், மாலையில் டிஜே. காலைப் பாகத்தில் எனக்குப் பயம் இல்லை. தர்ப்பையைப் போடு, தண்ணீரை விடு, கும்பிடு என்று ஐயர் சொல்லச் சொல்லச் செய்தால் பெண்ணின் தகப்பன் வேலை முடிந்தது. மாலையில்தான் வில்லங்கம். கேக் வெட்டி, புதுத் தம்பதி ஆடி ஓய்ந்ததும் “இப்போது அப்பாவும் மகளும்” என்று மைக்கில் கூப்பிடுவார்கள். மண்டபம் முழுக்க போனைத் தூக்கிப் பிடிக்கும். பக்கத்தில் நின்று சொல்லித்தர அங்கே ஐயர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் மகளோடு ஆடிய தகப்பனை நான் கண்டதில்லை. என் அப்பா அக்காவோடு நேருக்கு நேர் கதைத்ததே பள்ளிக்கூட ரிப்போர்ட் வரும் நாளில்தான்.

“அப்பா, நீங்கள் ஆடத்தான் வேணும். பாட்டை நீங்களே தெரிவு செய்யுங்கோ” என்றாள் மகள். பெரிய சலுகை என்று நினைத்தேன்.

முதலில் ‘விஸ்வாசம்’ பாட்டு. 2019க்குப் பிறகு இந்த ஊரில் அது ஒலிக்காத தமிழ்க் கல்யாணம் குறைவு. இமானின் மெட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் படத்தில் அந்த மனிதர் தகப்பன் என்று மகளுக்கே தெரியாது. மெய்க்காவலனாக அவள் பின்னால் திரிகிறார். கல்யாணச் செலவெல்லாம் என் கடன் அட்டையில் ஏறும்போது அந்த மயக்கத்துக்கு நான் இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது ‘தங்க மீன்கள்’. நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. கேட்டால் கல்லும் கரையும். படத்து அப்பாவுக்கோ மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட வழியில்லை. என் மகள் பல் வைத்தியர். அந்தக் கட்டணத்தை நான் கட்டினேன், வங்கிக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ போடலாம் என்றால், அது எங்கள் யுத்தத்தையே கதையாக வைத்த படம். அந்தப் பாட்டில் தகப்பனுக்கென்று ஜெயச்சந்திரன் குரலில் தனி வடிவமே இருக்கிறது. போட்டால் மண்டபத்தில் பாதிப்பேர் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளை நினைத்து மூக்கைச் சிந்துவார்கள். ‘என்னை அறிந்தால்’ பாட்டுக்கு மனைவியே தடை போட்டாள். “அதில தாய் செத்தாப் பிறகுதானே அப்பாவும் பிள்ளையும் ஊர் சுத்தினம்? நான் முன்வரிசையில இருக்கிறன், பாத்துச் செய்யுங்கோ.”

மாப்பிள்ளை வீட்டிலும் இதே கூத்து. தாயும் மகனும் ஆட ‘தளபதி’ என்றார்கள். பெற்ற பிள்ளையைக் கூட்ஸ் ரயிலில் விட்டுவிட்டுப் போன தாய் அவள். ‘வேலையில்லா பட்டதாரி’யில் அம்மா இறந்த பிறகுதான் பாட்டே வருகிறது. கடைசியில் ‘மன்னன்’ என்று முடிவானது. அதில் அம்மாவால் நடக்கவே முடியாது. பிறகு எங்கே ஆடுவது?

யோசித்துப் பார்த்தால் குற்றம் சினிமாவில் இல்லை. பிள்ளை படுத்திருந்தால் தாலாட்டு, பெற்றவர் படுத்திருந்தால் ஒப்பாரி. இரண்டு பேரும் நல்ல சுகத்தோடு எழும்பி நிற்கும்போது பாட நாங்கள் ஒன்றும் செய்துவைக்கவில்லை.

“அங்கிள், இங்கிலீஷ் பாட்டுப் போடுவம்” என்றான் டிஜே பொடியன். லூதர் வான்ட்ராஸ் 2003இல் பாடிய, அப்பாவோடு ஆடும் பாட்டு. கேட்டுப் பார்த்தேன். அந்த அப்பா செத்துப்போனவர். “தம்பி, நான் இருக்கிறன்” என்றேன். ஸ்டீவி வொண்டர் 1976இல் தன் மகள் பிறந்த மகிழ்ச்சியில் பாடியதைப் போட்டுக் காட்டினான். அருமையான பாட்டு, ஆனால் தொடக்கத்திலேயே கைக்குழந்தை வீரிடுகிறது. கூறைச்சேலை உடுத்துத் தாலி ஏறிய பெண்ணுக்கு அது பொருந்துமா? வெள்ளைக்காரனுக்கும் இதில் பெரிய வெளிச்சம் கிடையாது என்று தெரிந்ததில் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

என் கால்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பைலா. எழுபதுகளில் சுற்றுலா பஸ்ஸின் பின் சீட்டில் பழகியது. ஆகவே நித்தி கனகரத்தினத்தின் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, கலியாண வீட்டில கள்ளுக்கடையோ?”

“குடியாதே எண்டு புத்தி சொல்லுற பாட்டப்பா. வள்ளுவரே கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரம் வைச்சவர்.”

“அப்ப பின்பக்கத்தில ஓப்பன் பார் ஏன் வைச்சிருக்கிறியள்?”

இதற்கு வள்ளுவரிடமும் பதில் இல்லை. மகள்தான் சமாதானம் செய்தாள். முதல் ஒரு நிமிடம் ‘விஸ்வாசம்’, ஊர் வாய்க்காக. பிறகு பைலா.

அன்றைக்கு அந்த ஒரு நிமிடமும் நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சாமி சுற்றுகிற மாதிரி இடமிருந்து வலம் வந்தேன். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் தொண்டை கொஞ்சம் அடைத்தது, மறைக்கவில்லை. திடீரென்று கிதார் அடிக்க ஆரம்பித்ததும் கால் தானாகக் கிளம்பியது. மகளுக்கு யாரும் பழக்காத பைலா எப்படி வந்ததோ! என்னைவிட நன்றாக ஆடினாள். முழங்கால் மாற்றிய மச்சான் கைத்தடியோடு இறங்கினார். பாரில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி, கள்ளுக்கடைப் பக்கம் போகக்கூடாது என்று உரத்துப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க உட்கார்ந்தால், சம்பந்தியம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிஜே மேசைக்குப் போய்விட்டார்.

“தம்பி, அந்த ‘மன்னன்’ பாட்டை விடும். இதையே எனக்கும் மகனுக்கும் திருப்பிப் போடும்.”