சோம்பேறித்தனத்தின் சந்தை மதிப்பு

என் சோம்பேறித்தனத்தால் காலணாவுக்குப் பிரயோஜனம் கிடையாது என்பது எங்கள் வீட்டுக்காரம்மாவின் நெடுநாள் தீர்ப்பு. அதன்மேல் அப்பீல் போக எனக்கு 2023 அக்டோபரில்தான் ஆதாரம் கிடைத்தது. கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் ஒரு கணக்கு வெளியே வந்தது. போனிலும் கணினியிலும் எதைத் தேடினாலும் தன்னிடமே முதலில் வரவேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். நம் பணத்தில் இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

எதற்கு இவ்வளவு? கம்பெனி எப்படிப் போட்டுக் கொடுத்ததோ அப்படியே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு. 'டீஃபால்ட்' என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டு டிவியின் மெனு எப்படியோ கன்னடத்துக்குப் போய்விட்டது. நான் கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. குடும்பமே கழித்துப் பார்க்கப் பழகிவிட்டது. ஆக, அந்த இரண்டு லட்சம் கோடியில் என் பங்கும் இருக்கிறது. இதை வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "வாங்கிட்டு வாங்க, கேஸ் சிலிண்டருக்குக் குடுக்கணும்" என்றார்.

இந்த விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சுந்தர் பிச்சை 1972-ல் பிறந்தது மதுரையில். 1990-களில் தேனி தனியாகப் பிரியும்வரை நாங்களும் மதுரை மாவட்டம்தான். ஆகவே உறவு கொண்டாடலாம். கூகுளில் அவர் ஆரம்பத்தில் பார்த்த வேலைகளில் ஒன்று, மைக்ரோசாஃப்டின் உலாவிக்குள்ளேயே கூகுள் தேடலைக் கொண்டுபோய் உட்காரவைக்கும் 'டூல்பார்'. பிறகு, அடுத்தவன் உலாவியில் எத்தனை நாள் ஒண்டுக்குடித்தனம் இருப்பது என்று 2008 செப்டம்பரில் சொந்தமாகக் குரோம் வந்தது. அதை முன்னின்று நடத்தியவரும் அவரே. என்னைப் போன்ற ஆட்களை நேரில் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் இப்படி யோசிக்க வரும்.

எங்கள் வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். எல்லோரும் தூங்கிய ஒரு ராத்திரி, தலையில் முடி நடுவதற்கு என்ன செலவாகும் என்று அதில் தேடிப் பார்த்தேன். விசாரிப்பதில் தப்பில்லையே. காலையில் வீட்டுக்காரம்மா போடி ஏலக்காய் ஏலத்தில் முந்தின நாள் விலை என்ன என்று பார்க்க உட்கார்ந்தார். வண்டன்மேட்டுப் பக்கம் அவருக்குப் பிறந்தவீட்டுப் பங்காகக் கொஞ்சம் ஏலக்காடு உண்டு. கிலோ விலை நடுவில் இருந்தது. இடப்பக்கம் ஒரு வழுக்கைத் தலை, 'முன்பு'. வலப்பக்கம் அதே முகம், சுருட்டை முடியோடு 'பின்பு'.

"ஏங்க, இங்கன வாங்க. இந்த 'முன்பு' போட்டோவுல இருக்கிறது உங்க அண்ணனா?"

ஏலக்காய்க்கும் என் தலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முடி நடும் பக்கத்திலும் ஏலக்காய்ப் பக்கத்திலும் ஒரே விளம்பரக் கம்பெனியின் நிரல் உட்கார்ந்திருக்கும். அங்கே 'குக்கீ' என்ற அடையாளச் சீட்டு ஒன்றை உலாவியில் போட்டு வைத்து, இங்கே வந்ததும் அதை எடுத்துப் படித்து, 'ராத்திரி வந்த ஆள்தான்' என்று கண்டுகொள்ளும். உலாவி அனுமதித்தால்தான் இது நடக்கும்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகன் லீவுக்கு வந்தபோது பயர்பாக்ஸ் என்ற வேறு உலாவியைப் போட்டுக் கொடுத்தான். என்னென்ன மாற்றவேண்டும் என்று பயந்துகொண்டே கேட்டேன். "ஒண்ணும் மாத்த வேணாம்ப்பா" என்றான். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! 2019 செப்டம்பரிலிருந்தே, வேவு பார்க்கும் குக்கீகளைத் தடுப்பது அதில் எல்லோருக்கும் டீஃபால்ட். 2022 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: எந்தத் தளத்தில் போட்ட குக்கீயோ அந்தத் தளத்தில்தான் செல்லும், ஏலக்காய்ப் பக்கத்தில் போய் என் தலையைப் பற்றிப் பேச முடியாது. குரோமும் 2020 ஜனவரியில், இன்னும் இரண்டே வருஷத்தில் இந்த வேவுக் குக்கீகளை ஒழிக்கிறோம் என்றது. தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. என்னைவிடப் பெரிய ஆட்களும் உண்டு என்று தெம்பாக இருந்தது.

பயர்பாக்ஸ் மெனு தமிழில் வருகிறது. மொழிபெயர்த்தவர்கள் தன்னார்வலர்கள். நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம். காசு கிடையாது. ஒரு குடும்பஸ்தனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 'நாம தனியுரிமைக்காரங்க' என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு வரவு செலவு எழுதாமல் தூக்கம் வராது. "அப்ப அவுங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?" என்றார்.

தேடினேன். தேடாமலே இருந்திருக்கலாம். பயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் 2022ஆம் ஆண்டு வருமானம் 59 கோடி டாலர் சொச்சம். அதில் 51 கோடி, தேடல் ஒப்பந்தம் முதலான ராயல்டி. பெரும்பகுதி கூகுள் கொடுத்தது. பயர்பாக்ஸைத் திறந்ததும் தேடுபெட்டியில் கூகுள் இருக்க வேண்டும் என்பதற்கான கூலி.

"உங்கள மறைச்சு வைக்கிறதுக்கு, உங்களத் தேடுறவரே காசு குடுக்கிறாரா?"

பதில் எனக்கு வரவில்லை. சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் மச்சினனுக்கு உடனே வந்துவிட்டது. "இது அட்வான்ஸ் கதை மாமா. கவாத்து பண்ணி மருந்து அடிக்கிறப்ப கையில காசு இருக்காது. யாவாரி வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போவாரு. தோட்டம் நம்மது, பந்தல் நம்மது, பழமும் நல்ல பழம்தான். வெட்டுறப்ப வந்து நிக்கிற வண்டி மட்டும் அவரு வண்டி."

"யாவாரிய மாத்திப் பாத்தா?"

"பாத்தேனே. புது ஆளு ரேட்டு கூடத்தான் சொன்னாரு. பழகின வண்டிதான் வரணும்னு வெட்டுறவங்க போயிட்டாங்க."

மொசில்லாவுக்கும் அதே அனுபவம். 2014-ல் கூகுளை விட்டுவிட்டு அமெரிக்காவில் யாஹூவோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். மக்கள் யாஹூவை ஏற்கவில்லை. பலர் பயர்பாக்ஸையே விட்டுப் போனார்கள் என்று மொசில்லாவின் மிட்சல் பேக்கர் பின்னாளில் கூகுள் மீதான அந்த ஏகபோக வழக்கில் சாட்சி சொன்னார். 2017-ல் மறுபடி கூகுள். என் சித்தாந்தத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். சோம்பேறிகளும் எழுந்து நிற்பார்களாம். பழைய இடத்துக்கே திரும்பிப் போவதற்கு மட்டும்.

சரி, ரோஷத்தோடு நாமே நன்கொடை கொடுத்துவிடுவோம் என்று கார்டை எடுத்தேன். இது எங்கள் வீட்டில் அபூர்வமான காட்சி. அங்கே ஒரு விசேஷம் தெரிந்தது: மொசில்லா அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடை அதன் பொதுப்பணிகளுக்குப் போகிறதே தவிர, உலாவியைச் செய்யும் கம்பெனிக்குப் போவதில்லை. பயர்பாக்ஸுக்கென்று பணம் போட உண்டியலே இல்லை! கார்டு பத்திரமாகப் பர்சுக்குள் திரும்பியது. அதே குடும்பத்து மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டு மட்டும் பயனர்களின் நன்கொடையிலேயே வாழ்கிறது; 2023-ல் 80 லட்சம் டாலருக்கு மேல் வந்ததாம். அதற்குக் கொடுத்திருக்கலாம். நான் அதைப் பயன்படுத்துவதில்லை என்ற நியாயமான காரணம் கையில் இருந்தது.

வருமானம் ஒரே இடத்திலிருந்து வந்தால் கை வேறு பக்கமும் துழாவத்தான் செய்யும். 2024 ஜூலையில் வந்த பயர்பாக்ஸ் 128-ல், விளம்பரம் பலித்ததா என்று அளக்கும் ஒரு சோதனை வசதியைப் பயனர்களிடம் கேட்காமலே போட்டுவிட்டார்கள். ஆளை அடையாளம் காட்டாது என்றார்கள், இருக்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் அணைக்கமாட்டார்கள் என்ற அதே கணக்கைத்தானே இவர்களும் போட்டார்கள்? எனக்கு அது பிடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில், 'உங்கள் தகவலை விற்கமாட்டோம்' என்ற பழைய வாக்குறுதியையும் எடுத்தார்கள். 'விற்பனை' என்பதற்குச் சில ஊர்ச் சட்டங்கள் தரும் பொருள் விரிவானது என்று விளக்கம் சொன்னார்கள். கத்தரிக்காய் வாங்கும்போது இப்படி விளக்கம் சொன்னால் வீட்டுக்காரம்மா கடையையே மாற்றிவிடுவார்.

கடையை மாற்றுவது என்றால் எங்கே போவது? எட்ஜ், பிரேவ், ஓப்பரா எல்லாமே குரோமுக்கு அடியில் இருக்கும் குரோமியத்தின்மேல் கட்டியவை. நம் சோகோ 2023 மே மாதம் கொண்டுவந்த 'உலா'வும் அப்படித்தான். வேவு பார்ப்பதைத் தானாகவே தடுக்கிறது, மத்திய அரசின் இந்திய உலாவிப் போட்டியில் 2025-ல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாயும் வாங்கியது. தேடல் கூலியை நம்பாமல் மற்ற மென்பொருள் விற்ற காசில் ஓட்டுகிறார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் அஸ்திவாரம் கூகுளுடையது.

இதற்கிடையே கூகுள் வழக்கில் தீர்ப்பு நெருங்கியது. கூகுள் ஏகபோகம்தான் என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் சொல்லியிருந்தார், தண்டனை பாக்கி. 2025 மே மாதம் மொசில்லாவின் நிதி அதிகாரி கூண்டேறி, கூகுளின் பணத்தை ஒரேயடியாக நிறுத்தினால் பயர்பாக்ஸ் மூடப்படும் அபாயம் உண்டு என்றார். செப்டம்பரில் தீர்ப்பு: தனக்கு மட்டுமே என்று ஒப்பந்தம் போடக்கூடாது, ஆனால் பணம் கொடுக்கலாம். கூகுள் தொடர்ந்து காசு கொடுக்கப்போகிறது என்று தெரிந்ததும், டீக்கடையில் தனியுரிமை பேசிய எனக்கு வந்த நிம்மதியை வெளியே சொல்லமுடியாது.

மகன் மட்டும் விடவில்லை. 'லேடிபேர்ட்' என்று ஒன்று தயாராகிறது, குரோமியத்தைத் தொடாமல் அடியிலிருந்து கட்டுகிறார்கள் என்றான். ஆண்ட்ரியாஸ் கிளிங் என்ற ஸ்வீடன்காரர் தொடங்கியது. 2024 ஜூலையில் அதற்கென்று லாப நோக்கமற்ற அமைப்பை அறிவித்தார்கள். கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் குடும்பம் பத்து லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. தேடுபெட்டியை யாருக்கும் விற்கமாட்டார்கள்; நன்கொடை மட்டும்தான்.

வீட்டுக்காரம்மா கணக்கு நோட்டை எடுத்து, பால், கேபிளுக்குக் கீழே 'உலாவி – 100' என்று எழுதினார். "இவுங்களுக்காவது உண்டியல் இருக்கா?"

இருந்தது. எனக்கு வியர்த்தது. நல்லவேளையாக மகன் ஒரு தகவல் சொன்னான்: முதல் சோதனைப் பதிப்புக்கு 2026 என்று குறித்திருக்கிறார்கள், அதுவும் லினக்ஸிலும் மேக்கிலும்தான் ஓடும். எங்கள் லேப்டாப் விண்டோஸ்.

"அப்ப லினக்ஸ் போடுங்க" என்றார்.

"போடலாம், தீபாவளிக்குப் பையன் வரட்டும்" என்றேன். மணி ஒன்பது பத்து, அதாவது ஒன்பது.