மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து மிஸ் சித்திக்கு

அன்புள்ள சித்திக்கு,

சித்தப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை. போன கடிதம் எழுதும்போது பிடித்த அதே மழைதான், இன்னும் விடவில்லை. இதை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் நிதானமாகப் படிக்கவும். கடைசியில் பண விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் நான் ஊரிலிருந்து கிளம்பியபோது, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க ஒரு தோரணத்தை அதைச் சுற்றி வைத்துக் கட்டினீர்களே, பட்டுக்கூட்டை வெட்டிச் சாயம் ஏற்றிச் செவந்திப் பூவாகக் கோர்த்தது, அதை நான் விற்றுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இருக்கும் இந்த மேக்கிள்ஸ்ஃபீல்டும் நம் கொள்ளேகால் மாதிரி பட்டு ஊர்தான். 1740களிலேயே சார்லஸ் ரோ என்பவர் இங்கே தண்ணீரால் ஓடும் பட்டு முறுக்காலை வைத்தாராம். 1832இல் ஊரில் 71 பட்டாலைகள் இருந்திருக்கின்றன. இப்போது ஒன்றுகூட அந்தக் காலம்போல் ஓடவில்லை. பாரடைஸ் மில் என்ற ஆலையில் 26 ஜக்கார்டு கைத்தறிகள். 1981இல் வேலையை நிறுத்திவிட்டு அதை மியூசியமாக்கிவிட்டார்கள். நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுற்றிக் காட்டிய அம்மாள் ஒரு பாபினைத் தூக்கிப் பிடித்து, "இது எதற்கென்று உங்களால் ஊகிக்க முடியுமா?" என்று கேட்டார். நடக்கப் பழகிய நாளிலிருந்து சித்தப்பாவின் முறுக்கு மிஷின் பக்கத்தில் நான் தடுக்கி விழுந்த சாமான் அது! காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்று, தெரியாது என்று சொல்லிவைத்தேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

உள்ளூர் ஃபுட்பால் அணிக்குக்கூட 'சில்க்மென்' என்றுதான் செல்லப்பெயர். இத்தனை இருந்தும் ஊரில் ஒரு புழு கிடையாது. கச்சாப் பட்டு முழுக்க வெளிதேசத்திலிருந்து வந்ததுதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புழுவுக்கு இலை போட்டுவிட்டு வந்து படுத்த பெண்பிள்ளை ஒருத்திகூட இந்த ஊர்ச் சரித்திரத்தில் இல்லை. மாவாட்டாமலே இட்லிக்குப் பேர் வாங்கிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய தேவாலயக் கூடம் இருக்கிறது. அதில் சனி, ஞாயிறு மட்டும் திறக்கிற ஒரு கேலரி. ஓய்வுபெற்ற பெரியவர்கள் பத்துப் பேர் முறைபோட்டு நடத்துகிறார்கள். கையால் செய்தது எதுவாக இருந்தாலும் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைக்கலாம். ஆளுக்கு மூன்று பொருள். இடத்துக்குப் பத்து பவுண்டு. விற்றால் நூற்றுக்கு முப்பது அவர்களுக்கு. நம் கூடு மார்க்கெட்டில் எவனாவது நூற்றுக்கு முப்பது கேட்டிருந்தால் அன்றைக்கே போலீஸ் வந்திருக்கும். இங்கே எல்லோரும் 'தாங்க்யூ' சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கிற அம்மாள்தான் என்னை இழுத்துவிட்டது. அவர் ஆட்டு ரோமத்தைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி முயல் செய்கிறவர். "உனக்கு ஏதாவது வருமா?" என்றார். வராது என்று சொல்லிக் கொள்ளேகால் மானத்தை வாங்க மனமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஓட்டைக் கூடுகள் ஒரு பை நிறைய இருந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து இரண்டு படம் செய்தேன். ஒன்று, புலிமேல் வருகிற மாதேஸ்வரன். இன்னொன்று, நம் சிவனசமுத்திரத்து ககனசுக்கி அருவி, கழிவுப் பட்டை நீட்டி நீட்டி ஒட்டியது. மூன்றாவதுக்குக் கூடும் தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. பத்து பவுண்டு கட்டிவிட்டு ஒரு இடத்தைச் சும்மா விடுவதா என்று உங்கள் தோரணத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஊறுகாய் வாசனை போக இரண்டு நாள் வெளியில் காயப்போட்டேன். அதாவது, மழையில்.

மாட்டுகிற அன்றைக்கு ஒரு தாத்தா டேப்போடு வந்தார். எந்தப் படமாக இருந்தாலும் அதன் நடுமையம் தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டுமாம். நம் வீட்டில் எங்கே ஆணி ஏற்கெனவே இருக்கிறதோ அங்கேதானே சாமி படம்? இவர் அளந்தார், பென்சிலால் புள்ளி வைத்தார், தள்ளி நின்று பார்த்தார், டீ குடித்தார், மறுபடி அளந்தார். தோரணத்தை நிலைவாசலில் கட்ட வேண்டும் என்றேன். தீப்பிடித்தால் ஓடுகிற வழி, அங்கே எதுவும் கட்டக்கூடாது என்று சொல்லி, சுவரில் செங்குத்தாக, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கவிட்டுவிட்டார். அப்படியும் அழகாகத்தான் இருந்தது, உங்கள் கைராசி.

அடுத்தது ஒரு தாள். 'கலைஞரின் கூற்று' என்று ஒன்று எழுத வேண்டும், நூறு வார்த்தைக்குள். இதை ஏன் செய்தீர்கள், எந்த உந்துதலில் செய்தீர்கள் என்று. நான் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பூக் கோர்க்க உட்காருவது கரண்ட் போய் முறுக்கு மிஷின் நிற்கும்போதுதானே? அதையே எழுதினேன்: 'மின்சாரம் நின்ற நேரங்களில் செய்தது.' கேலரி அம்மாள் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, இயந்திரங்கள் ஓய்ந்த பிறகு மனிதக் கை என்ன செய்யும் என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்றார். நான் தலையை ஆட்டிவைத்தேன். மின்வாரியத்துக்கு இந்தப் பெருமை போய்ச்சேர வேண்டும்.

திறப்பு விழாவுக்கு முன்தினம் மாலை ஒரு கூட்டம். பல்குச்சியில் குத்திய சீஸ், காகிதக் கோப்பையில் ஒயின். வந்தவர்கள் எல்லோரும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வானிலையைப் பற்றிப் பேசினார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று நான் ஒரு தட்டில் வளையல் மாதிரி பொரித்த கோடுபளே கொண்டுபோயிருந்தேன். காலி மேஜைமேல் வைத்தது தப்பு. ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதற்கு விலை போடவில்லையே?" என்றார். ஒன்றை எடுத்து நான் கடித்துக் காட்டியதும் பதறிப்போய்விட்டார்.

ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன் சித்தி. 'இண்டரஸ்டிங்' என்று சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். என் அருவிக்கு அன்று மட்டும் பதினொரு இண்டரஸ்டிங். ஒரு பாட்டி மட்டும் அது யாருடைய தாடி என்று நேராகவே கேட்டார். மாதேஸ்வரன் படத்தின்முன் குழந்தைகள் நின்று, "என்ன அழகான பூனை!" என்றன. சாமி மன்னிக்க வேண்டும். ஊருக்கு வரும்போது மலைக்கு வந்து முடி கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் தோரணத்தின்முன் நின்றவர்கள் மட்டும் இண்டரஸ்டிங் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் கிட்டே போய்ப் பார்த்தார்கள். ஒரு பெண் வந்து, புழுவைக் கொன்ற பட்டா என்று கறாராகக் கேட்டாள். பால், தேன்கூடத் தொடாதவளாம். பித்தனை கோட்டியில், அதாவது புழு முட்டை தயாரிக்கிற இடத்தில், முட்டைக்காக விடுகிற கூடு இது, பூச்சி தானே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும், இழை அறுந்துபோவதால் நூலெடுக்க உதவாது, அதனால் ஊரில் இதைக் கழிவு என்று தள்ளிவிடுவார்கள் என்றேன். நல்ல கூடாக இருந்தால் ஒன்றிலேயே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல் வரும் என்றும் சொன்னேன். "அப்படியானால் இது புழு உயிரோடு விட்டுப்போன வீடு" என்றாள். நாற்பது பவுண்டை எண்ணி வைத்தாள்.

விற்றதும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பொருளுக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டத்தை ஒட்டுகிறார்கள். அசல் பொட்டு! பூ வைத்துப் பொட்டு வைத்தாயிற்று, இனி வேறு யாரும் பெண் கேட்டு வரக்கூடாது என்கிற கணக்கு. பக்கத்தில் என் பூனையும் தாடியும் பொட்டில்லாமல் நின்றன.

இனிமேல்தான் சிக்கல். பொருளுக்குக் கீழே மாட்டுகிற அட்டையில் செய்தவர் பெயர் போட வேண்டும். முதல் இரண்டுக்கும் என் பெயரை எழுதிவிட்டேன். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக உங்கள் கையால் சாப்பிட்டவள்! எனக்கு நீங்கள் சித்தி, தெருவுக்கு முறுக்கு மிஷின் வீட்டம்மா, சித்தப்பாவுக்கு 'இந்தா'. என் பெயரையே போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது, மறைப்பானேன்.

அப்போது நம் மைசூர் தசரா ஞாபகம் வந்தது. ஜகன்மோகன் அரண்மனையில் இருட்டறைக்குள் ஒரு படம் காட்டுவார்களே, கையில் விளக்கை வைத்து மறைத்துக்கொண்டு ஒரு பெண், வெளிச்சம் விரலிடுக்கில் சிவப்பாகக் கசிகிற மாதிரி. ரவிவர்மா போட்டது என்று நீங்கள் சொன்னீர்கள், வரிசையில் நின்ற எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் இங்கே நாலு பேருக்கு அப்படியே சொல்லிவைத்தேன். அது ரவிவர்மா இல்லை சித்தி. எஸ். எல். ஹல்தங்கர் என்பவர் 1940களில் தீட்டிய நீர்வண்ணப் படம். விளக்கோடு நின்றது அவருடைய சொந்த மகள். ரவிவர்மா 1906லேயே போய்விட்டார். அவ்வளவு பெரிய படத்துக்கே அந்த கதி.

பெயர் விஷயத்தில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இங்கிருந்து இருபது கிலோமீட்டரில் லீக் என்று இன்னொரு பட்டு ஊர் இருக்கிறது. அங்கே எலிசபெத் வார்டில் என்கிற அம்மாள் 1879இல் பெண்களைச் சேர்த்து ஒரு தையல் சங்கம் நடத்தினார். அவர் வீட்டுக்காரர் தாமஸ் வார்டில் நம் நாட்டு டஸர் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வித்தையைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர். அந்தச் சங்கத்துப் பெண்கள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து, பிரான்ஸில் பாயோ என்ற ஊரிலுள்ள பழைய யுத்தச் சித்திரத் துணியை அப்படியே பார்த்து, ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளத்துக்குத் தைத்து, 1886இல் சொந்த ஊரிலேயே மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இப்போது ரெடிங் மியூசியத்தில் இருக்கிறது, நான் பார்த்தேன். மூலத்தில் அம்மணமாக நிற்கிற சில ஆண்களுக்கு இதில் அரைக்கால் சட்டை போட்டிருக்கிறது. அவர்கள் பார்த்துத் தைத்த படத்திலேயே யாரோ நாசூக்காகத் திருத்தியிருந்தார்களாம். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பகுதியை யார் தைத்தாரோ, அதற்கடியில் அவரவர் பெயரை ஊசியாலேயே எழுதியிருக்கிறார்கள். நூற்று முப்பது வருடத்துக்குமேல் ஆகியும் பளிச்சென்று இருக்கிறது. நம்மூரில் இத்தனை சேலை நெய்கிறோமே, ஜரிகை எத்தனை கிராம் என்று சீட்டில் இருக்கும், நெய்தவள் யாரென்று எந்த முந்தானையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

என் பெயரை எழுதவில்லை. 'கொள்ளேகால் சித்தி' என்று எழுதிவிட்டேன்.

அவர்கள் அதை முழுப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஊர் முழுக்க நீங்கள் 'மிஸ் சித்தி'. மிஸ் சித்தி எந்தக் கலைப் பள்ளியில் படித்தார்? மிஸ் சித்தி திறப்பு விழாவுக்கு வருவாரா? டேப் தாத்தா மிகவும் மரியாதையாக, "மிஸ் சித்தி ஆர்டர் எடுத்துக்கொள்வாரா?" என்று கேட்டார். அவர் பேத்திக்குக் கல்யாணமாம். சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மிஸ் என்பது இங்கே மரியாதைக்குத்தான்.

நாற்பதில் அவர்கள் பங்கு பன்னிரண்டு போக 28 பவுண்டு உங்களுடையது. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் வரும். அனுப்புவதற்காகத் தம்பியிடம் உங்கள் பெயரை வாட்ஸப்பில் கேட்டேன். முதலில் 'அம்மா பேரா?' என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். பிறகு ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் புத்தகம் மூன்றையும் படம் பிடித்து அனுப்பினான். மூன்றிலும் மூன்று விதமாக இருக்கிறது. கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, 1956இல் மைசூரோடு சேர்ந்தது, 1997இல் சாமராஜநகர் ஜில்லாவுக்குப் போனது. ஊருக்கே முகவரி இத்தனை தடவை மாறினால் உங்கள் பெயர் என்ன செய்யும் பாவம். போதாததற்குத் தம்பி இன்னொன்றும் சொன்னான். நீங்கள் சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி மருமகளாக வந்தபோது, பாட்டியின் பெயரும் உங்கள் பெயரும் ஒன்றாக இருந்ததால், கூப்பிடச் சங்கடம் என்று உங்கள் பெயரை மாற்றிவிட்டார்களாமே. எனக்கு இது இத்தனை நாள் தெரியாது.

அடுத்த கண்காட்சி மார்ச்சில். டேப் தாத்தாவுக்கு இரண்டு தோரணம், கேலரிக்கு ஒன்று, மொத்தம் மூன்று வேண்டும். ஊறுகாயைத் தனியாகக் கட்டுங்கள். அட்டைகளை இந்த மாதக் கடைசிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்பு இருந்த பெயரா, வந்த பிறகு வைத்த பெயரா, எதைப் போட வேண்டும் என்று உங்கள் கைப்படவே ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் சித்தி.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தனார் வீட்டு மூத்தவள் என்று எழுதப்போனேன், தப்பு. மூத்தார் வீட்டு மூத்தவள்.