நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 19 வருடமாகத் தீ வைப்பது என் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் பாதுகாப்பு அலுவலர் என்று போட்டிருக்கும். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைப்பேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அதை அணைக்க வேண்டும். பின்னைப் பிடுங்கு, தீயின் அடியைக் குறிவை, அழுத்து, பெருக்கு. வீட்டில் துடைப்பம் பிடித்தவர்களுக்கு நாலாவது உடனே வந்துவிடும். ஆண்களுக்குத்தான் இரண்டு சிலிண்டர் கூடுதலாகச் செலவாகும்.

போன ஆடியில் ஹெச்ஆருக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தார். ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஆளைக் கூட்டிப் பாடம் நடத்துவது அவருக்குச் சரிப்படவில்லை. “சார், நீங்க பேசறதை அப்படியே ஒரு மாட்யூலாப் போட்டுடலாம். கோடிங் எல்லாம் வேண்டாம். பவர்பாயின்ட் தெரியுமில்ல? அவ்வளவுதான்” என்றார்.

எனக்குப் பவர்பாயின்ட் தெரியும். அதாவது, எழுத்துகளை இடதுபக்கமிருந்து ஒவ்வொன்றாகப் பறந்து வரவைக்கத் தெரியும். எங்கள் ஆலையில் அதற்கு மேல் யாரும் போனதில்லை.

பாடம் தயாரிக்கும் மென்பொருள் ஒன்றை 30 நாள் இலவசமாக இறக்கிக்கொண்டேன். திறந்ததும் அதுவே ஒரு பாடம் நடத்த வந்தது, பாடம் தயாரிப்பது எப்படி என்று. சிரித்த முகத்தோடு ஒரு பெண் பேசினாள். முதல் பலகையைப் படித்தேன். இரண்டாவதைப் பாதி படித்தேன். அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கிறவர்களைப் பிடித்து வந்து உட்காரவைத்தே தலை நரைத்தவன் நான்.

முதல் காட்சி சாதாரணமானது. மோட்டார் பேனலில் தீ. பக்கத்தில் மணல் வாளி, தண்ணீர் வாளி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். சிலிண்டரைத் தொட்டால் ‘சரி’ என்று வர வேண்டும், மற்றதைத் தொட்டால் ‘தவறு’. வகுப்பில் இதற்கு எனக்கு ஆகும் நேரம் நாலு விநாடி. இங்கே நாலு நாள் ஆயிற்று. படத்தைப் போட்டுவிட்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், சும்மா இருக்கிறது. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பெயர் டிரிக்கர். வருகிற செய்தி ஒரு லேயரில் ஒளிந்திருக்கும். எது எத்தனையாவது விநாடியில் வர வேண்டும் என்பதற்குக் கீழே டைம்லைன் என்று ஒரு ரயில்வே அட்டவணை. தொட்டாயிற்றா இல்லையா என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேரியபிள் என்று ஒரு டப்பா. அது இல்லாவிட்டால் அடுத்த பலகைக்குப் போவதற்குள் எல்லாவற்றையும் மறந்துவிடும், எங்கள் பர்ச்சேஸ் பிரிவைப் போல.

நாலாம் நாள் இரவு சிலிண்டரைத் தொட்டேன். ‘சரி! வாழ்த்துகள்!’ என்று வந்தது. அதன் மேலேயே ‘தவறு! மீண்டும் முயலவும்!’ என்றும் வந்தது. இரண்டும் போகவில்லை. தீயும் அணையவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரே படத்துக்கு ரெண்டு டிரிக்கர் குடுத்திருக்கீங்கப்பா. அது நீங்க சொன்னதைத்தான் செய்யுது” என்றாள். வீட்டில் அப்படி ஒரு ஆள் இருந்து பழக்கமில்லை, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. “முதல்ல பேப்பர்ல எழுதுங்கப்பா. எதைத் தொட்டா எங்க போகணும்னு அம்புக்குறி போட்டு” என்றும் சொன்னாள். நாலு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம். நான்தான் கேட்கவில்லை.

‘கோடிங் வேண்டாம், வாத்தியாரே செய்யலாம்’ என்கிற இந்த ஆசைவார்த்தை புதுசு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-லேயே பிளேட்டோ என்று பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் ஒன்று கிளம்பியிருக்கிறது. அதில் ஆசிரியர்கள் தாங்களே பாடம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று பால் டென்சார் என்ற மாணவர் டியூட்டர் என்று ஒரு மொழியே உருவாக்கிக் கொடுத்தார். அவர் படித்துக்கொண்டிருந்தது உயிரியல். ஆக, 50 வருஷத்துக்கு மேலாக வாத்தியார்களை இப்படித்தான் உசுப்பேற்றிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குரல் பதிவுக்கு நல்ல இடம் கிடைத்தது. நூற்பாலையில் அமைதிக்கு எங்கே போவது என்று நினைப்பீர்கள். பஞ்சு குடோன். சுற்றிலும் ஆளுயரத்துக்குப் பேல் அடுக்கியிருக்க, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினால் எதிரொலி சுத்தமாக இல்லை. சினிமாக்காரர்கள் காசு கொடுத்துக் கட்டுகிற அறை. ஒரே குறை, பஞ்சுத் தூசி. ‘தீயணைப்பானின் கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரில் தோல் வெந்துவிடும்’ என்ற ஒரு வாக்கியத்தைத் தும்மாமல் முடிக்க 11 தடவை ஆயிற்று. முடிவில் வந்த ஒரு தும்மலை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்தது எழுத்து. என் பாடக்குறிப்பு முழுக்கப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. என் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த ‘தண்ணீர்’, ஹெச்ஆர் தம்பியின் மடிக்கணினியில் ஜே, இசட், அரைப்புள்ளி, மறுபடி இசட் என்று போயிற்று. பாமினியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற சாவி அரைப்புள்ளிதான். ஆகவே அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழாக இருப்பதை விட்டுவிட்டு வெறும் அரைப்புள்ளியாகிவிடும். தம்பி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “கோடிங் வேண்டாம்னுதானே சார் சொன்னேன்?” என்றார்.

யூனிகோடில் 10 கேள்விகளையும் 40 விடைகளையும் முதலிலிருந்து அடித்தேன். அடிக்கிறபோதுதான், சரியான விடை அடிக்கடி மூன்றாவதாகவே வருவதைக் கவனித்தேன். ஆட்கள் கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கங்கே வரிசையை மாற்றிப்போட்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் 80 மார்க் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. 100 எடுத்தால்தான் பாஸ், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று வைத்தேன். நெக்ஸ்ட் பட்டனுக்கும் பூட்டுப் போட்டேன். நான் பேசி முடிக்கும்வரை அது வேலை செய்யாது. (பாடம் ஓட ஆரம்பித்த பிறகு கார்டிங் பிரிவில் ஒருவர் போனை மேஜைமேல் என்னைப் பேசவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனதைப் பார்த்தேன். தும்மல் வரும்போது திரும்பி வந்தால் சரியாக இருக்கும் என்று கணக்கு வைத்திருந்தார்.)

மென்பொருள் எல்லாவற்றையும் ஸ்கார்ம் என்று ஒரு ஜிப் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. யார் தயாரித்த பாடமும் எந்தப் பயிற்சித் தளத்திலும் ஓட வேண்டும் என்பதற்கான ஒப்பந்தம் அது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997-ல் ஆரம்பித்த முயற்சியில் பிறந்தது. அதில் 2001-ல் வந்த 1.2 பதிப்பைத்தான் எங்கள் மணல் வாளிக்கும் பயன்படுத்தினோம். பாடம் படித்தவரைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஆறே சொற்கள். தேறினார், முடித்தார், தோற்றார், முடிக்கவில்லை, தொடவே இல்லை. ஆறாவது, சும்மா பார்த்துவிட்டுப் போனார். இந்த ஆறாவதை நினைத்தவர் எங்கேயோ வகுப்பு எடுத்திருக்க வேண்டும்.

மூட்டைக்குள் என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிரித்த ஃபோல்டரை அப்படியே மறுபடி ஜிப் கட்டி ஏற்றினேன். தளம் வாங்கவில்லை, மேனிஃபெஸ்ட் கோப்பைக் காணோம் என்றது. உள்ளேதான் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் தாலி தாம்பாளத்தில் மேலாக இருக்க வேண்டும். பீரோவுக்குள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றால் முகூர்த்த நேரத்தில் யார் ஏற்பார்கள்? ஃபோல்டரை விட்டுவிட்டு உள்ளே இருந்தவற்றை மட்டும் கட்டினேன். வாங்கிக்கொண்டது.

பத்தே நாளில் 112 பேரும் முடித்துவிட்டார்கள். 112 பேரும் நூற்றுக்கு நூறு. ஹெச்ஆர் தம்பி அதைப் பச்சைக் கட்டங்களாக அச்செடுத்து முதலாளி அறையில் ஒட்டினார். தகரத் தட்டைக் காயலான் கடைக்குப் போடலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு மின்னஞ்சல். நான் இன்னும் தீயணைப்புப் பயிற்சியை முடிக்கவில்லையாம், மூன்றாவது நினைவூட்டலாம். ஊழியர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதே. சரி என்று உட்கார்ந்தேன். நெக்ஸ்ட் பூட்டியிருந்ததால் என் தும்மலை முழுக்கக் கேட்டேன். பத்துக் கேள்விக்கும் பதில் போட்டேன். 90. ஃபெயில். மறுபடி நிதானமாகப் போட்டேன். 90. நாலாவது கேள்வி. மோட்டார் பேனலில் தீப்பிடித்தால் எதை எடுப்பீர்கள்? சிலிண்டர் என்கிறேன், தவறு என்கிறது.

மென்பொருளைத் திறந்து பார்த்தேன். விடைகளின் வரிசையை மாற்றியபோது, இந்த ஒரு கேள்வியில் மட்டும் சரியான விடைக்கான புள்ளியை மாற்றவில்லை. அது பாட்டுக்குப் பழையபடி மூன்றாவதிலேயே இருந்தது. இப்போது மூன்றாவது, தண்ணீர்.

112 பேரும் நூற்றுக்கு நூறு.

வயிற்றைக் கலக்கிக்கொண்டு கோன் வைண்டிங்குக்கு ஓடினேன். அங்கே சூப்பர்வைசர் அக்காவைப் பிடித்து, நாலாவது கேள்விக்கு என்ன போட்டீர்கள் என்றேன்.

“தண்ணிங்க சார்.”

“கரண்டுத் தீக்குத் தண்ணியா?”

“ஊத்தக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. மொதல்ல சிலிண்டருன்னுதான் போட்டனுங்க, ஃபெயிலுன்னு வந்துச்சு. தண்ணின்னு அமுக்குனதும் பாஸ் ஆயிருச்சுங்க. சரி, கம்ப்யூட்டருக்குள்ள தீப்புடிச்சாத் தண்ணிதானாட்ட இருக்குதுன்னு எல்லார்த்துக்கும் சொல்லிட்டனுங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வெளிய புடிச்சா சிலிண்டருதானுங்களே சார்?”