இறங்க முடியாத தீவு: கண்டி வாவியில் நண்பர்கள் படகேறுவது பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பிரச்சினை

யாழ்ப்பாணத்தாருக்குத் தீவுப் பஞ்சம் கிடையாது. பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று தெருவோடு தொடுத்த தீவுகள். குறிகாட்டுவானில் போட் ஏறினால் நயினாதீவு. ஒரு மணி நேரம் அலையில் ஆடச் சம்மதமென்றால் குதிரைகள் மேயும் நெடுந்தீவு. இத்தனையையும் வாசலில் வைத்துக்கொண்டு, ஏ9 வீதியில் 320 கிலோமீட்டர் தெற்கே ஓடி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், கடலே இல்லாத ஊரில், காசு கொடுத்துப் படகேறி, கால் வைக்க முடியாத ஒரு தீவைச் சுற்றிவிட்டு, ‘நல்ல ட்ரிப் மச்சான்’ என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். இது ஏன்?

கண்டி வாவியைப் பற்றி எழுதியவர்கள் பலர். வரலாற்றாசிரியர்கள் அதை வெட்டுவித்த அரசனைப் பார்த்தார்கள். சூழலியலாளர்கள் நீரின் நிறத்தைப் பார்த்தார்கள். பக்தர்கள் கரையிலுள்ள தலதா மாளிகையைப் பார்த்தார்கள். படகுக்குள் கச்சான் உடைத்துக்கொண்டு இருந்தவனை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கண்டியின் முந்திய கடலோடிகள்

கண்டிக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பது அறியாமை. குறைந்தது மூன்று முன்னோடிகள் உள்ளனர்.

முதலாமவர் ராபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கப்பல் தலைவரின் மகனான நொக்ஸ் 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார். கடலோடி ஒருவன் கடலில்லா நாட்டில் என்ன செய்வான்? நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார்; நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் தப்பி, அனுராதபுரத்துக் காடுகளைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூல் இன்றும் கண்டி இராச்சியம் பற்றிய முக்கிய ஆவணம். அதில் நண்பர்களோடு உல்லாசமாகப் படகில் போன செய்தி எதுவும் இல்லை. போகக்கூடிய நிலையில் அவர் இருக்கவுமில்லை.

இரண்டாமவர் வாவியின் சொந்தக்காரர். நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்து இந்த நீர்ப்பரப்பை உருவாக்கத் தொடங்கினான். அணையின் மேல் வீதி. நீரின் ஓரத்தில் முக்கோணப் பொந்துகள் வைத்த முகில் மதில். பெருவிழா இரவுகளில் அந்தப் பொந்துகளில் எண்ணெய் விளக்கு. மதில் முடிவதற்குள் இராச்சியமே முடிந்துவிட்டது. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் அரசனைப் பிடித்தார்கள். 1816இல் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, வேலூரில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். தனக்கென்று ஒரு செயற்கைக் கடல் செய்த அரசனுக்கு உண்மையான கடற்பயணம் வாய்த்தது அப்படித்தான்.

மூன்றாமவர் மவுண்ட்பேட்டன் பிரபு. இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தளபதியான இவர் கடற்படைக்காரர். 1944இல் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவுக்குள் கொட்டில்கள் போட்டு உட்கார்ந்தார். மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் அந்தப் பூங்காவை ஒரு தீபகற்பம் என்று சொல்லலாம். கடற்படை அதிகாரி ஒருவருக்கு மலைநாட்டில் இதைவிட நெருக்கமாகக் கடல் கிடைக்காது. பர்மாக் காட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது இங்கே ஓர்க்கிட் பூத்துக்கொண்டிருந்தது என்பதையும் கவனத்தில் கொள்க.

இம்மூவரையும் பின்னர் நமது தேற்றத்தின் மேல் வைத்துப் பரிசோதிப்போம்.

3. மாதிரியும் முறையும்

ஆய்வுக்கு உட்பட்டவர்கள் இக்கட்டுரையாளரின் நண்பர்கள். அறிவியல் நெறிகருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. ‘அ’ பயணத்தை ஒழுங்கு செய்தவர். ஆகவே எல்லாப் பிழைகளுக்கும் பொறுப்பாளி. ‘ஆ’ எந்தக் காசு கேட்டாலும் ‘பிறகு தாறன்’ என்பவர். ‘இ’ ஊர்காவற்றுறைக்காரர், காற்றை முகர்ந்து திசை சொல்பவர். ‘ஈ’யை அவருடைய தாயார் தொலைபேசி மூலம் தொடர்ந்து கண்காணித்தார்.

வாகனம், வாடகை வான். பாதை, கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏ9. இந்த வீதியில் சும்மா போய்வருவது எங்கள் தலைமுறைக்குப் பிந்திக் கிடைத்த வசதி. போரில் மூடிக் கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2009இல் போர் முடிந்த பிறகுதான் சனத்துக்கு ஒழுங்காகக் கிடைத்தது. அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையுமாக நின்ற வீதியில் இன்று கச்சான் பையும் போத்தல் தண்ணீருமாகப் போகிறோம். ‘உல்லாசம்’ என்பதற்கு அடிப்படைத் தகுதியாக இதைக் குறித்துக்கொள்க.

ஆய்வுக் கருவியும் இவ்வீதியிலேயே வாங்கப்பட்டது. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் அந்த இடத்தைக் கடப்பதில்லை. கும்பிட்டவர்கள் கச்சான் வாங்காமல் ஏறுவதில்லை. ஆறுதலை நேரடியாக அளக்கும் மானி இன்னும் கண்டுபிடிக்கப்படாததால், நாங்கள் கச்சானை அளவையாகக் கொண்டோம். மனிதன் பதற்றப்படும்போது வேகமாகத் தின்கிறான். ஆறியிருக்கும்போது மறந்துவிடுகிறான் என்பது இம்முறையின் எடுகோள். வவுனியாவைத் தாண்டுவதற்குள் முதலாவது பை முடிந்தது. தம்புள்ளையில் இரண்டாவது. மாத்தளை முத்துமாரி அம்மன் கோபுரத்தடியில் மூன்றாவது உடைக்கப்பட்டது. அக்குறணைக் கடைத்தெருவிலும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி நெரிசலிலும் சாரதியின் கைகூட அந்தப் பைக்குள் போய்வந்தது.

4. அவதானிப்புகள்

வாவியின் மேற்குக் கரைப் படகுத்துறையில், கூரை போட்ட மோட்டார் படகொன்றில் மிச்சக் கச்சானோடு ஏறினோம். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி. ‘இ’ அதைக் கட்ட மறுத்தார். சவள் வலித்து வளர்ந்தவனுக்கு இது அவமானமென்றார். கட்டாவிட்டால் படகு வெளிக்கிடாது என்றதும் கட்டினார்.

அவதானிப்பு ஒன்று: காற்று. படகு துறையை விட்டதும் ‘இ’ மூக்கைத் தூக்கி, “சோளகம்” என்று அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் படகு திரும்பியது, “கச்சான்” என்றார். நாங்கள் பையை நீட்டினோம். அவர் சொன்னது மேல்காற்றை. மலைகள் நான்கு புறமும் அணைத்து நிற்கும் வாவியில் வீசுவது எந்தக் காற்று என்பது இதுவரை தீர்மானிக்கப்படவில்லை.

அவதானிப்பு இரண்டு: உயிரினங்கள். கரையோரம் குழந்தைகள் போடும் பொரிக்கு மீன்கள் வாய் பிளந்து மொய்க்கின்றன. இங்கே மீன் பிடிக்க மனிதனுக்குத் தடை, நீர்க்காகங்களுக்கு இல்லை. மதிலடியில் ஒரு கபரகொய்யா பாதி உடம்பை நீருக்குள் விட்டபடி கிடந்தது. கரை மரங்களில் மாலைப் பறவைக் கூட்டம் சேரச் சேர, கீழே நடப்பவர்கள் மழையில்லாமலே குடை விரித்தார்கள். படகுக்குக் கூரை போட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அவதானிப்பு மூன்று: தீவு. வாவியின் நடுவே, மதில் சூழ்ந்த சிறு திட்டு. உள்ளே மரங்கள், பழைய கட்டடம். அரசனின் உல்லாச மண்டபம் அங்கிருந்ததாகச் சொல்வார்கள். மாளிகையிலிருந்து அதற்கு ஓர் இரகசியச் சுரங்கம் இருந்ததாகவும் கதை உண்டு. ஆங்கிலேயர் வந்ததும் அதை வெடிமருந்துக் களஞ்சியமாக்கினார்கள். இரண்டு ஆட்சிகள் ஓய்வைப் பற்றி வைத்திருந்த கருத்தின் வித்தியாசம் ஒரே திட்டில் தெரிகிறது.

“அண்ணை, ஒருக்கா இறக்கி விடுங்கோவன், படம் எடுத்திட்டு வாறம்,” என்றார் ‘அ’.

“அங்க இறங்க ஏலாது தம்பி. சுத்தித்தான் காட்டுவோம்,” என்றார் படகோட்டி.

“அப்ப என்னத்துக்கு உதைத் தீவெண்டுறது?” என்றார் ‘ஆ’. அவர் இன்னும் காசு கொடுத்திருக்கவில்லை.

அவதானிப்பு நான்கு: வெளித் தலையீடு. ‘ஈ’யின் தாயார் அழைத்தார். “போட்டிலயோ நிக்கிறாய்? தண்ணிக்க போகாத எண்டு சொன்னனானெல்லோ!” ஆண்டுதோறும் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு, முட்ட ஏற்றிய போட்டில் கடல் கடந்து போய்வருபவர் இவர். கரை நாற்புறமும் தெரியும் குளத்தைப் பற்றி அவருக்கு இருந்த அச்சம், தாய்மையை ஆழத்தை வைத்து அளக்க முடியாது என்பதை நிறுவுகிறது.

அவதானிப்பு ஐந்து, முதன்மையானது: கச்சான். படகில் கதை தொடங்கியது. யாருடைய காணிப் பிரச்சினை, யார் கனடாவிலிருந்து வருகிறான், எந்த வாத்தியார் யாரை அடித்தார் என்று போய்க்கொண்டேயிருந்தது. பஹிரவகந்தைப் புத்தர் மலையுச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலதா மாளிகையில் மாலைப் பூசை மேளம் கேட்கத் தொடங்கியது. அப்போது குறித்தது: ‘இ’யின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கச்சான். கோதில் ஒரு கீறல் விழுந்திருந்தது, உடைபடவில்லை. துறையில் எடுத்தபடி, தீவைச் சுற்றி முடியும் வரை அது அப்படியே இருந்தது. எங்கள் மானி பூச்சியத்தைத் தொட்டுவிட்டது.

5. தேற்றம்

இத்தரவுகளிலிருந்து பின்வரும் முடிபு கிடைக்கிறது: *புறப்பட்ட துறைக்கே திரும்பும் படகு உல்லாசம், வேறு துறைக்குப் போகும் படகு போக்குவரத்து.*

குறிகாட்டுவானுக்குப் போய் நின்று பாருங்கள். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியை, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி, சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு. அது போட் வடிவில் இருக்கும் பஸ். ஏறியவன் கடலைப் பார்ப்பதில்லை; மணிக்கூட்டைப் பார்க்கிறான். நயினாதீவில் இறங்கியதும் வேலை தொடங்குகிறது: செருப்பு வை, சேட்டைக் கழற்று, அர்ச்சனைச் சீட்டு எடு, அன்னதானத்துக்கு நில், கடைசிப் போட்டைத் தவறவிடாதே. தீவு நம்மைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறது.

கண்டித் தீவு எதையும் கேட்பதில்லை. இறங்க முடியாது என்பதால் இறங்கலாமா வேண்டாமா என்ற விவாதம் இல்லை. முதலில் யார், செருப்பை யார் பார்ப்பது, எப்போது திரும்புவது எதுவும் இல்லை. இதிலிருந்து முதலாவது துணைத் தேற்றம்: *இறங்க முடியாத தீவே ஆறுதலுக்கு ஏற்ற தீவு.*

இரண்டாவது துணைத் தேற்றம் நேரம் பற்றியது. நண்பர்கள் நெடுநேரம் சேர்ந்திருந்தால் சண்டை வரும். வாவியின் சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; படகு அதையும் முழுதாகச் சுற்றுவதில்லை. ‘ஆ’ தரவேண்டிய வான் கூலியைப் பற்றி ‘அ’ வாய் திறந்த அதே கணத்தில் படகு துறையில் முட்டியது. நீர்ப்பரப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் எங்கள் நட்பு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இனி முன்னோடிகள். நொக்ஸ் இன்னொரு கரையில் இறங்கினார். திரும்பப் பத்தொன்பது ஆண்டு. உல்லாசம் அன்று. அரசன் ஏறிய கப்பல் திரும்பவே இல்லை. உல்லாசத்தின் நேர் எதிர். மவுண்ட்பேட்டன் தீபகற்பத்தில் இருந்தார். கப்பல் ஏறாத மாலுமி. எங்கும் இறங்கவேண்டிய அவசியமில்லை. தேற்றத்துக்கு மிக அண்மையில் நிற்பவர் இவரே. போர் ஒன்று நடந்ததுதான் இடைஞ்சல்.

6. ஆட்சேபங்களும் பதிலும்

“பாயில்லாமல், அலையில்லாமல், உப்பில்லாமல் இதைக் கடலோட்டம் என்பீர்களா?” என்பது ‘இ’யின் ஆட்சேபம். பாய் கட்டினால் ஒருவன் கயிற்றைப் பிடிக்க வேண்டும், ஒருவன் சுக்கானைப் பிடிக்க வேண்டும். கச்சானை யார் பிடிப்பது?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வாவிக்கு மண் சுமக்க மறுத்த ஊர்த் தலைவர்கள் நூறு பேரைக் கழுவேற்றி அதன் அடியிலேயே நட்டதாகக் கண்டியில் ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் கூலியில்லா ஊழியமான ராஜகாரியத்தில் வெட்டப்பட்ட நீரில்தான் நாங்கள் சும்மா இருந்தோம். ஒருவன் சும்மா இருக்க இன்னொருவன் மண் சுமந்திருக்கிறான். உல்லாசத்தின் கணக்கில் இதைக் கழிக்காமல் விட்டால் ஆய்வு பொய்யாகும். எங்களுக்காக மோட்டாரோடு மாரடித்த படகோட்டிக்கும் அந்த மாலை வேலை நாளே. அவருக்குக் கொடுத்த மேலதிகக் காசு இந்த அடிப்படையிலானது. அதை ‘ஆ’ தவிர எல்லாரும் பகிர்ந்துகொண்டோம்.

7. பரிந்துரை

ஒரே வாவியை வைத்து உலகத்துக்கு விதி சொல்லக்கூடாது. ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873இல் உருவாக்கிய நுவரெலியா வாவியில் மிதிக்கும் அன்னப்படகுகள் உள்ளன. அங்கே நண்பர்களில் ஒருவர் மிதிக்க வேண்டும். யார் மிதிப்பது என்ற கேள்வி எழும். தேற்றம் அந்தச் சோதனையைத் தாங்குமா என்று பார்க்க அடுத்த கள ஆய்வு உடனே தேவை. அதற்கான வான் கூலியை ‘ஆ’ ஏற்பார் என ஆய்வுக்குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. தீர்மானம் எடுத்த கூட்டத்துக்கு ‘ஆ’ வரவில்லை. பிறகு வாறன் என்றிருந்தார்.