ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சிங்கப்பூர் ஆற்றின் நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். ‘இதுக்குப் பேர் ஆறா?’ என்று காவிரிக்கரைக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் அதன் வாயில் ஆளாளுக்கு என்னென்ன போட்டார்கள் என்று பட்டியல் எடுத்தால், எழுநூறு வருஷ வரலாறு அதிலேயே அடங்கிவிடும்.

முதல் போணி ஒரு ராஜா. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சங் நீல உத்தமன் கப்பலில் வரும்போது புயல் பிடித்துக்கொண்டதாம். சாமான்களை எல்லாம் கடலில் எறிந்தும் பயனில்லை. கிரீடத்தையும் கழற்றி வீசிய பிறகுதான் அலை அடங்கியது என்கின்றன மலாய்க் கதைகள். கரையேறியதும் அவர் கண்ணில் ஒரு சிங்கம் பட்டது. அந்தத் தீவில் சிங்கமே கிடையாது. கிரீடத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிற மனுஷரிடம் அதைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? ‘சிங்கபுரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்தவர் படாங். தன் மீனைத் திருடித் தின்ற பூதத்தைப் பிடித்து, அது கக்கியதைச் சாப்பிட்டுப் பலசாலி ஆனவர். புரதப் பொடி வராத காலம். கிடைத்ததை வைத்துத்தான் உடம்பைத் தேற்ற வேண்டும். அவரோடு மோத, மலாய்க் கதைகள் ‘கெலிங்’ என்று சொல்லும் நம் பக்கத்து ராஜா ஒருவர், ஏழு கப்பல் சரக்கைப் பந்தயம் வைத்துத் தம் பயில்வானை அனுப்பினார். நம் ஆள் பாறையை முழங்கால் வரை தூக்கினார். படாங் அதைத் தூக்கி ஆற்று வாயிலேயே வீசினார். ஏழு கப்பலும் போச்சு.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் வந்தார். தென்கரை சேறும் சதுப்புமாக இருந்ததால், 1822இல் பக்கத்திலிருந்த குன்றை வெட்டி அதில் கொட்டச் சொன்னார். மண் விழுந்த இடம் போட் கீ படகுத்துறை. குன்று இருந்த இடம் ராஃபிள்ஸ் பிளேஸ். குன்றைக் காணோம், அதைக் காணாமல் ஆக்கியவர் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஆற்று வாயில் ஐம்பது வரி எழுத்தோடு ஒரு பெரிய கல்லும் நின்றது. படாங் எறிந்த பாறை அதுதான் என்பார்கள். அறிஞர்கள் முட்டி மோதியும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. 1843இல் கோட்டை கட்ட இடம் வேண்டும் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் அதற்கு வெடி வைத்தார்கள். சில துண்டுகள் ஆராய்ச்சிக்காகக் கல்கத்தாவுக்குப் போயின. முழுதாக இருந்தபோதே புரியாதது, நொறுங்கிய பிறகு புரியும் என்று ஒரு நம்பிக்கை.

பிறகு பொதுமக்கள் முறை. ஆரம்ப காலத்தில் இந்த ஆற்றில் சரக்குப் படகு வலித்தவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள். பின்னால் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. யார் கையில் இருந்தாலும் கழிவு ஆற்றுக்குத்தான். எண்ணெய், சாக்கடை, சந்தைக் குப்பை எல்லாம் சேர்ந்து, ஆறு எங்கே இருக்கிறது என்று வழி கேட்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேரலாம் என்ற நிலை வந்தது.

1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க வேண்டும் என்றார். அதற்கு முதலில் மீன் அதில் உயிரோடு இருக்க வேண்டும். இதோடு சேர்த்துச் சுத்தம் செய்யப்பட்ட பக்கத்துக் காலாங் ஆற்றுப் படுகையில் 610 பன்றிப் பண்ணைகள், சுமார் 500 வாத்துப் பண்ணைகள் மூடப்பட்டன. தெருக்கடைகள் உணவங்காடி நிலையங்களுக்கும், சுமார் 26,000 குடும்பங்கள் வேறிடங்களுக்கும் போயின. 1983இல் படகுகளையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். சொன்னபடி 1987இல் வேலை முடிந்தது. அதிகாரிகள் பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம். தொழிலையே விட்டுக்கொடுத்த பன்றிகளுக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை.

எல்லாவற்றையும் வெளியேற்றிய பிறகு பாக்கி இருந்தது கடல் ஒன்றுதான். கனமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் சைனாடவுன், ஜாலான் புசார் போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்துவிடும். 2008இல் மரினா அணைக்கட்டைக் கட்டிக் கடலுக்கே கதவைச் சாத்தினார்கள். 350 மீட்டர் அகலம், ஒன்பது எஃகு மதகுகள். கடல் தணிந்திருந்தால் மதகைத் தாழ்த்தி உபரி நீரை விடுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் ஏழு ராட்சதப் பம்புகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர் வீதம், நீரை வெளியே தள்ளும். உள்ளே உப்பு மெல்லக் கழுவப்பட்டு 2010இல் நன்னீர்த் தேக்கமானது. நீர்மட்டம் ஏறி இறங்காததால் படகோட்டம் ஜோர். அணைக்கட்டுக் கட்டடத்தின் புல் மொட்டைமாடியில் பட்டம் விடலாம்; கீழே வெள்ளத்தோடு பம்புகள் மல்லுக்கட்டும், மேலே குழந்தைகள் நூலோடு.

அதே 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையின் பளபளப்பான கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்றார்கள். ராஜா பரம்பரை அற்றுப்போனாலும் வீசுகிற பரம்பரை அற்றுப்போகவில்லை.

லீ கேட்ட மீன்பிடிப்பும் நடக்கிறது, குறித்த இடங்களில் மட்டும். தூண்டிலில் உயிருள்ள புழு கூடாது, தண்ணீர் கெட்டுவிடும். செயற்கை இரைதான் போட வேண்டும். கிரீடம், பாறை, குன்று எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட தண்ணீருக்கு, இன்று ஒரு மண்புழு ஆகாது.