பூமியைக் காக்க வந்த சிப்

பிரிண்டர் கம்பெனிகளுக்குப் பூமித்தாய் மேல் இருக்கும் பாசம் பெற்ற பிள்ளைக்குக்கூட இருக்காது. மை கார்ட்ரிட்ஜ் வரும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பச்சை இலை, சுற்றிவரும் அம்புக்குறி, "காலியானதும் எங்களிடமே திருப்பித் தாருங்கள்" என்ற உருக்கமான வேண்டுகோள். உள்ளே இருக்கும் மை மட்டும் சில மில்லிலிட்டர்தான்.

பல கார்ட்ரிட்ஜ்களின் ஓரத்தில் நகத்தளவுகூட இல்லாத சிப் ஒன்று மினுங்கும். கணக்குப்பிள்ளையும் அதுதான், காவல்காரனும் அதுதான். மை தீர்ந்தது என்று அது சொல்லிவிட்டால் தீர்ந்ததுதான். உள்ளே மிச்சம் குலுங்கினாலும் அப்பீல் கிடையாது. மஞ்சள் மை தீர்ந்துவிட்டால், கறுப்பில் அடிக்க வேண்டிய வாரிசுச் சான்றிதழ் மனுவைக்கூட அடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் மாடல்களும் உண்டு.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ஒரு தம்பி சிரிஞ்சை எடுத்து, ஓட்டையில் சொருகி, மையை ஏற்றி, டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். உடைப்பதில்லை, உருக்குவதில்லை, கப்பலேற்றுவதில்லை. இதைவிட உருப்படியான மறுசுழற்சி ஏது? அதனால்தான் கம்பெனிகளுக்கு அது ஆகாது.

2016 செப்டம்பரில் எச்.பி.யின் பல பிரிண்டர்கள், அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் தள்ளிவிட்டன. விவகாரம் கோர்ட்டுக்குப் போக, 15 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். புத்தி வந்ததா? 2024 ஜனவரியில் அதன் அப்போதைய தலைவர் என்ரிக் லோரெஸ் டிவி பேட்டியில், தங்கள் மையை வாங்காத வாடிக்கையாளர் தங்களுக்கு மோசமான முதலீடு என்ற பொருளில் பேசினார். மாட்டைக் காசு கொடுத்து வாங்கியவன் புல்லையும் விற்றவனிடமே வாங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மாடு வாயைத் திறக்காதாம்!

அந்த உருக்கமான வேண்டுகோளின் சூட்சுமம் லெக்ஸ்மார்க் கதையில் இருக்கிறது. காலிக் கூட்டைத் தன்னிடமே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு தள்ளுபடி விலையில் டோனர் (மைத்தூள்) கார்ட்ரிட்ஜ் விற்றது அந்தக் கம்பெனி. அந்தக் கூடுகளை வாங்கி நிரப்பி விற்றவர்கள் மேல் காப்புரிமை வழக்கும் போட்டது. விற்ற பொருளின் மேல் காப்புரிமை கொண்டாட முடியாது என்று 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டையில் குட்டியது. சட்டம் கைவிட்டால் என்ன, சிப் இருக்கிறதே!

இப்படி ஆயுள் முடிவதற்குள் சாகடித்த கூடுகள் எங்கே போகும்? பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற தன்னார்வ அமைப்பு 2002இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். சீனாவின் குய்யூவில், பணக்கார நாடுகளின் டோனர் கூடுகளை உடைத்து, மிச்சத் தூளைத் தூரிகையால் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் கூலிகள். உருப்படியான முகக்கவசம்கூட இல்லை. அந்தத் தூளில் கலந்திருக்கும் கார்பன் கறுப்பு, புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பட்டியலிட்டது. சிப்பைக் கோட்டை கட்டிக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கூலியின் நுரையீரலுக்குத் துணி கொடுக்கத் துப்பில்லை.

நம் அரசு மட்டும் சும்மா இருக்குமா? 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் பட்டியலில் இருக்கிறது. வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்கள் "முடிந்தவரை" ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். முடியவில்லை ஐயா என்று கம்பெனி கையை விரித்தால் தீர்ந்தது கடமை!

முடியாதா என்ன? சிப்பே இல்லாத எச்.பி.யின் 12ஏ டோனரை ஜெராக்ஸ் கடைக்காரர்களிடம் கேளுங்கள். தூள் நிரப்பி, டிரம் மாற்றி, பிளேடு மாற்றி, ஓடாய்த் தேயும் வரை ஓட்டினார்கள். ஒரு கூட்டை அப்படி உழைக்க வைத்தவர்களுக்கு எந்த மேடையிலும் பொன்னாடை இல்லை. பசுமை விருது சிப் வைத்தவனுக்கு. போலிக்காரன் என்ற பட்டம் சிரிஞ்சு பிடித்தவனுக்கு.